“பிரிச்சாதான் தெரியும்ணே!” - ஒரகடம் பக்கம் பழைய டிராக்டருக்கு கிளட்ச் மாற்றும் கதை

காலை ஷிஃப்ட் நேரம். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடம் சந்திப்பில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டுகின்றன. புத்தம் புது கார்களை அடுக்கிக்கொண்டு கன்டெய்னர் லாரிகள் திரும்புகின்றன. இந்தக் கூட்டத்துக்கு நடுவே, பெயின்ட் வெளுத்த ஒரு சிவப்பு டிராக்டர், டிரெய்லரில் கேஜ் வீலைப் போட்டுக்கொண்டு டுபுடுபுவென்று போகும். பின்னால் வரும் கார்க்காரர்களுக்கு எரிச்சல். டிராக்டர்காரருக்கு அவசரம். ஏரியில் தண்ணீர் இருக்கும்போதே சேறடித்தாக வேண்டும்.

இந்தப் பகுதியில் கார் தயாராகிறது, லாரி தயாராகிறது, புல்லட் தயாராகிறது, டயரும் கண்ணாடியும் தயாராகின்றன. ஆனால், அந்தச் சிவப்பு டிராக்டரின் கிளட்ச் தேய்ந்துபோனால் இந்தத் தொழிற்சாலைகளில் ஒன்றாலும் உதவ முடியாது. தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையும், எண்ணெய்க் கறை படிந்த இரண்டு கைகளும்தான் கதி.

காஞ்சிபுரம் மாவட்டத்து நெல் விவசாயிக்கு சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டங்கள் உண்டு. நாற்று தயாராகிவிட்டால் வயல் காத்திருக்கலாம், நாற்று காத்திருக்காது. சேறடிக்கும் வாரத்தில் சொந்த டிராக்டர் படுத்துவிட்டால், வாடகை வண்டிக்கு அலைய வேண்டும். எல்லோரும் ஒரே வாரத்தில் தேடுவதால் வாடகை வண்டியும் லேசில் சிக்காது. புது டிராக்டர் என்றால் லட்சக்கணக்கில் கடன். இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்தத் தவணை பெரிய பாரம். ‘பழசை ரிப்பேர் பண்ணி ஓட்டலாமா, வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?’ என்ற கேள்வி குடும்பமே உட்கார்ந்து பேசும் விஷயமாவது அதனால்தான்.

செம்பியத்துச் சிவப்பு

இந்தப் பக்கத்தில் பழைய டிராக்டர் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ‘மாஸி’. மாஸி ஃபெர்குசன் 1035. பெயர் வெளிநாடு என்றாலும் வண்டி நம்மூர்தான். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம், செம்பியத்தில் இந்த டிராக்டர்களைத் தயாரித்தது. எஞ்சின் கொடுத்தது அதே அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் சிம்சன். 1840-ல் குதிரை வண்டி செய்ய ஆரம்பித்த அதே சிம்சன்தான்!

1035-ன் மூதாதை இங்கிலாந்தின் ஃபெர்குசன் டி.இ.20. ஹாரி ஃபெர்குசன் வடிவமைத்த இந்தச் சின்ன சாம்பல் நிற டிராக்டர், 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, 1958 ஜனவரி 4-ம் தேதி தென் துருவத்தைத் தொட்டது இந்த வகை டிராக்டரில்தான். சக்கரத்துக்கு மேல் சங்கிலிப் பட்டை மாட்டி, பனியில் ஓட்டிக்கொண்டு போனார். அந்தக் குடும்பத்து வண்டி, வல்லக்கோட்டைப் பக்கத்துச் சேற்றில் தடுமாறுமா என்ன?

தடுமாறும். எஞ்சினைவிட முன்னதாக கிளட்ச்தான் தகராறு செய்யும்.

சேஸிஸ் இல்லாத வண்டி

லாரிக்கு அடியில் நீளமான இரும்புச் சட்டம் இருக்கும். அதன்மேல் எஞ்சின் உட்காரும், கியர் பாக்ஸ் தொங்கும். இந்த டிராக்டரில் அந்தச் சட்டமே கிடையாது. எஞ்சின் பிளாக்கும் கியர் பாக்ஸும் பின் அச்சுக் கூடும் ஒன்றோடொன்று போல்ட்டில் இறுகி, அவையே வண்டிக்கு முதுகெலும்பாக நிற்கின்றன. கிளட்ச் இருப்பதோ எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே. அதைத் தொட வேண்டும் என்றால் முதுகெலும்பையே இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

பட்டறைக்குப் பட்டறை இந்தப் பேச்சு பெரிதாக மாறுவதில்லை.

“மேஸ்திரி, எவ்ளோ ஆவும்?”

“பிரிச்சாதான் தெரியும்ணே.”

“தோராயமா சொல்லேன்பா.”

“பிளேட்டு மட்டும்னா ஒரு கணக்கு. உள்ள எண்ணெய் இறங்கியிருந்தா வேற கணக்கு. இப்ப ஒண்ணு சொல்லிட்டு, அப்புறம் நீ திட்டறதுக்கா?”

ஏமாற்றுப் பேச்சு போலத் தோன்றும். பெரும்பாலும் உண்மை அதுதான். ஆனால், பிரிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளக்கூடியவை சில உண்டு, அதைத்தான் வண்டிக்காரர் கேட்க வேண்டும்.

கிளட்ச் கோளாறு இரண்டு விதம். எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். பெடலை முழுக்க மிதித்தும் கியர் கரகரவென்று அரைத்துக்கொண்டு விழுகிறதென்றால் கிளட்ச் சரியாக விடுபடவில்லை. முதலில் பார்க்க வேண்டியது பெடலின் விளையாட்டு, அதாவது காலை வைத்ததும் இறுக்கம் வரும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம். அது சுத்தமாக இல்லை என்றால் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கும், பிளேட்டும் வழுக்கும். அதிகமாக இருந்தால் கிளட்ச் முழுதாகப் பிரியாது. வெளியில் இருக்கும் ராடைத் திருகி இதைச் சரிசெய்துவிடலாம். ஒரு ஸ்பேனரும் கால் மணி நேரமும் போதும். இதைப் பார்க்காமலேயே ‘பிரிச்சுடலாம்’ என்று சொல்பவரிடம் வண்டியைவிட யோசிக்கலாம்.

கிளட்ச் பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் ஊரில் பாதிப் பேருக்கு உண்டு. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவதைப் போல, செய்பவருக்கே அது தெரியாது!

சரி, பிரித்தே ஆக வேண்டும். பானெட் இறங்கும். ஒயர்கள், ஆக்ஸிலேட்டர் ராடு, ஸ்டியரிங்கில் இருந்து முன் சக்கரத்துக்குப் போகும் இணைப்புகள் எல்லாம் கழற்றப்படும். இங்கேதான் அனுபவசாலி மேஸ்திரி ஒரு காரியம் செய்வார். முன் அச்சுக்கும் அதைத் தாங்கும் வார்ப்புக்கும் இடையில், இரண்டு பக்கமும் மர ஆப்பு அடிப்பார். காரணம், டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஊஞ்சல் மாதிரி ஆடும்படி அமைந்தது, வரப்பு ஏறி இறங்க அது தேவை. பின்பகுதியோடு சேர்ந்திருக்கும்வரை பிரச்னை இல்லை. பிரித்த அடுத்த நொடி, எஞ்சின் பக்கவாட்டில் சாய எதுவும் தடை கிடையாது. அந்த ஆப்புதான் தடை. நூற்றுக்கணக்கான கிலோ இரும்பு பக்கத்தில் நிற்பவர் மேல் விழாமல் இருப்பது, இரண்டு மரத் துண்டுகளால்! செங்கல்லை அடுக்கி ஜாக்கி வைப்பதைப் பார்த்தால், அந்த இடத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். செங்கல் சொல்லாமல் உடையும்.

பிரித்துப் பார்த்தால் பிளேட் தேய்ந்திருக்கும். அது தெரிந்த விஷயம். உள்ளே எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் கசிந்தாலோ, கியர் பாக்ஸ் முன்பக்க சீல் கசிந்தாலோ எண்ணெய் பிளேட்டில் இறங்கும். சீலை விட்டுவிட்டு பிளேட்டை மட்டும் மாற்றினால், அடுத்த பட்டத்துக்கே மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும். சீலின் விலை கொஞ்சம், பிரிக்கும் கூலிதான் அதிகம். திறந்த கையோடு ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் சின்ன பேரிங், இரண்டு சீல்கள் ஆகியவற்றை மாற்றிவிடுவதே லாபம். ஃப்ளைவீல் முகத்தில் நீலக் கறையும் வெடிப்பும் இருந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். இந்த விஷயத்தில் ஒரகடம் - ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கம்பெனிகளுக்கு ஜாப் ஆர்டர் எடுக்கும் லேத் பட்டறைகள் சுற்றிலும் உண்டு.

மேஸ்திரிகளின் பொக்கிஷம் ஒன்று இருக்கிறது, ‘டம்மி ஷாஃப்ட்’. பழைய கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் முனையை வெட்டி வைத்திருப்பார்கள். புது பிளேட்டை மாட்டும்போது அதை நடுவில் செருகி, பிளேட் மையத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பிரஷர் பிளேட்டை இறுக்குவார்கள். மையம் தவறினால் வண்டியின் இரண்டு பாதிகளும் சேராது. அப்போது சிலர் பொறுமை இழந்து, போல்ட்டைப் போட்டு முறுக்கியே இழுத்துச் சேர்க்கப் பார்ப்பார்கள். புது பிளேட் வளையும், வார்ப்பு இரும்பின் காது உடையும். ஃப்ளைவீலை மெதுவாகச் சுற்றிக்கொடுத்தால் பல்லும் பல்லும் பொருந்தி, இரண்டு பாதிகளும் தானாக வந்து ஒட்டும். கடைசி அரை இஞ்சுக்கு அரை நாள் ஆவதும் உண்டு. அந்த அரை நாளுக்கு முகம் சுளிக்காமல் டீ வாங்கிக் கொடுங்கள்.

பழைய சாமான் எதில் பரவாயில்லை?

அடுத்த தலைவலி, பாகம் வாங்குவது. கம்பெனி சாமான், லூதியானா, ராஜ்கோட் பக்கம் தயாராகி வரும் மாற்று சாமான், கழற்றி விற்கும் செகண்ட் ஹேண்ட் என மூன்று வழி. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் உதிரிபாகத்துக்குப் பேர் போன இடங்கள்.

கழற்றிய சாமான் எல்லாமே மோசம் என்று சொல்லிவிட முடியாது. கியர் பாக்ஸ் கூடு, லீவர், பிராக்கெட், ரிம் போன்ற வார்ப்பு இரும்பு சமாச்சாரங்கள் வெடிப்பு இல்லாமல் இருந்தால் தாராளமாக வாங்கலாம். சில சமயம் புது வார்ப்பைவிட பழசே உறுதியாக இருக்கும். ஆனால் பேரிங், சீல், பிரேக் லைனிங், ஹைட்ராலிக் ஹோஸ் இவற்றைப் பழசாக வாங்குவது காசைச் சேற்றில் போடுவது. அவை தேயும் பாகங்கள். ஏற்கெனவே யாரோ தேய்த்துவிட்டார்கள்.

கடைக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். வண்டியின் சீரியல் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே 1035-ல் வருடத்துக்கு வருடம் சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு. சிங்கிள் கிளட்ச்சும் உண்டு, டூயல் கிளட்ச்சும் உண்டு. இந்த வண்டியின் பூர்விகம் இங்கிலாந்து என்பதால், இஞ்ச் கணக்கு போல்ட்டுகளையும் நிறைய இடங்களில் பார்க்கலாம். அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ. அதற்கு 13 ஸ்பேனர் போட்டால் முதல் தடவை திறக்கும். மூன்றாவது தடவை போல்ட்டின் முனை மழுங்கிவிடும். இஞ்ச் மரைக்குள் மி.மீ. போல்ட்டை முறுக்கி ஏற்றுவதோ இன்னும் மோசம். அடுத்து அங்கே எந்த போல்ட்டும் நிற்காது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆனது. டிராக்டரின் பின் டயர், டியூபுக்கும், கிளட்ச், பிரேக், கியர் பாக்ஸ் என்று பட்டியலில் உள்ள டிராக்டர் பாகங்களுக்கும் 18-லிருந்து 5 ஆகக் குறைந்தது. பில் கேட்டு வாங்கினால்தான் இந்தக் குறைப்பு உங்கள் கைக்கு வந்ததா என்று தெரியும். ‘பில் இல்லாம ஒரு ரேட்டு’ என்று சொல்லும் கடையில், பாகம் பல் இளித்தால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

பால் நிற எண்ணெய்

கிளட்ச்சுக்கு அடுத்து அதிகம் கேட்கும் புகார், ‘லிஃப்ட் தூக்க மாட்டேங்குது’. கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் அமைப்பு ஃபெர்குசனின் பெரிய சாதனை. மூன்று புள்ளிகளில் கருவியைப் பிடித்து, அதன் இழுவையையே பின் சக்கரத்துக்குப் பிடிமானமாக மாற்றிய ஏற்பாடு அது. இன்று உலகத்து டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் இதுதான் இருக்கிறது. ஆனால், இந்த வகைப் பழைய வண்டிகளில் ஹைட்ராலிக் பம்ப் தனியாக இல்லை. பின்பக்கக் கூட்டுக்குள், கியர் எண்ணெயிலேயே மூழ்கிக் கிடக்கிறது. கியர் தேய்ந்து உதிரும் இரும்புத் தூளும், சேறடிக்கும்போது தேய்ந்த சீல் வழியாக இறங்கும் தண்ணீரும் நேராக பம்ப்புக்குப் போகும்.

எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துப் பாருங்கள். டீ கலரில், அல்லது பால் ஊற்றியது போல வெளுத்து இருந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது. அப்படி இருக்கையில் பம்ப்பை மாற்றுவது, ஓட்டைக் குடத்துக்குப் புதுக் கயிறு கட்டுவது மாதிரி. எண்ணெயை இறக்கி, ஸ்ட்ரெய்னரைக் கழுவி, சீலை மாற்றி, சரியான எண்ணெய் ஊற்றிய பிறகும் தூக்கவில்லை என்றால்தான் வால்வையும் பம்ப்பையும் சந்தேகப்பட வேண்டும். தூக்குகிறது, ஆனால் எஞ்சினை அணைத்ததும் மெல்ல இறங்கிவிடுகிறது என்றால் உள்ளே எங்கோ எண்ணெய் கசிகிறது. லிஃப்ட் சிலிண்டரின் ரிங்கையும் கன்ட்ரோல் வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தச் சாலைகளின் புழுதியைச் சொல்லியே ஆக வேண்டும். எம்-சாண்ட் லாரிகள் ஓடும் சாலையில் ஓடும் டிராக்டரின் ஏர் கிளீனர் என்ன பாடு படும்! பழைய வண்டிகளில் இருப்பது எண்ணெய்க் கிண்ண ஏர் கிளீனர். புழுதி எண்ணெயில் ஒட்டி அடியில் படியும். கிண்ணத்தைக் கழற்றி, சகதியைத் துடைத்து, கோடு வரை எண்ணெய் ஊற்ற பத்து நிமிடம். இதைத் தவிர்த்தவர்கள்தான் பிறகு லைனர், பிஸ்டன், ரிங் என்று செலவழிக்கிறார்கள்.

உயிர் போகும் குறுக்கு வழிகள்

கிளட்ச் போனால் பணம்தான் போகும். வேறு சில குறுக்கு வழிகளில் ஆளே போய்விடுவார்.

செல்ஃப் எடுக்கவில்லை என்றால், தரையில் நின்றுகொண்டே ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃப் மோட்டார் முனைகளை ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணுவது. வண்டி கியரில் இருந்தால், ஸ்டார்ட் ஆன நொடியில் முன்னால் பாயும். நிற்பவரோ பின் சக்கரத்துக்கு முன்னால் நிற்கிறார். பழைய டி.இ.20-ல் கியர் லீவரையே ‘எஸ்’ என்ற இடத்துக்குக் கொண்டுபோனால்தான் செல்ஃப் சுற்றும், கியரில் இருந்தால் ஸ்டார்ட்டே ஆகாது. 1940-களிலேயே அவ்வளவு யோசித்துச் செய்த பாதுகாப்பை, ஒரு ஸ்க்ரூ டிரைவர் தோற்கடித்துவிடுகிறது. செல்ஃப் சுவிட்ச்சை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள் என்று வீட்டில் இருக்கிற பெண்கள் சண்டை போட்டாவது சொல்லலாம்.

அடுத்தது பி.டி.ஓ. ரோட்டவேட்டருக்குச் சக்தி கொடுக்கும் அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். ஒரு நொடிக்கு ஒன்பது. லுங்கியோ துப்பட்டாவோ புடவைத் தலைப்போ சிக்கினால், கையை எடுக்க நேரமே கிடையாது. அதன்மேல் மூடி வரும் பிளாஸ்டிக் உறை உடைந்துபோனால் மறுபடி வாங்கி மாட்டுபவர்கள் மிகக் குறைவு. இதுவும் ஒரு உதிரிபாகம்தான். கிளட்ச் பிளேட்டோடு சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, இந்தப் பகுதிக்கே உரியது. மழைக்காலத்தில் மண்ணில் புதைந்த டிப்பரை இழுக்க டிராக்டரைக் கூப்பிடுவார்கள். சங்கிலியை மேலே, டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கி, ஓட்டுபவர் மேலேயே கவிழும். கட்ட வேண்டிய இடம் கீழே இருக்கும் இழுவைக் கம்பி மட்டும்தான்.

பின் விளக்கும் சிவப்பு ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கரும் இல்லாத டிரெய்லர், ராத்திரி ஷிஃப்ட் விட்டுப் பறக்கும் பைக்குகளுக்கு எமன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

எதுவரை ரிப்பேர்?

‘10 வருஷம் ஆன டிராக்டரை உடைச்சே ஆகணுமாம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றியது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே அது தவறு என்று விளக்கிவிட்டது. விவசாய டிராக்டர், போக்குவரத்து அல்லாத வாகனம் என்ற வகை. முதல் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். அந்த வதந்தியை நம்பி பயந்து விற்க வேண்டாம். ஆர்.சி காலாவதியாகிக் கிடந்தால் மட்டும் முதலில் அதைப் பாருங்கள். கிளட்ச்சை மாற்றிவிட்டு வண்டியை ஓட்ட முடியாமல் வைத்திருப்பது வீண்.

உண்மையில் கைவிட வேண்டிய வண்டிகளும் உண்டு. எஞ்சின் பிளாக்கில் வெடிப்பு, கியர் பாக்ஸ் கூடு உடைந்து பலமுறை வெல்டிங் வைத்தது, எஞ்சின் நம்பர் அழிந்துபோனது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் செலவழிப்பதில் அர்த்தமில்லை. வருடத்துக்குப் பத்து நாள் மட்டுமே வயலில் இறங்கும் வண்டி என்றால், வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரத்தை ‘உழவன்’ செயலியில் பதிவு செய்வது மலிவாக இருக்கலாம். மாந்தோப்பு, கொய்யாத் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு 35 குதிரைசக்தி வண்டியே அதிகம். மர வரிசைக்குள் நுழையும் 18.5 குதிரைசக்தி வி.எஸ்.டி. ‘சக்தி’ மாதிரி மினி டிராக்டர்கள் போதும். ஆனால் பழைய மினி டிராக்டர் வாங்கும்முன், அதன் பாகம் எங்கே கிடைக்கும், எந்த மேஸ்திரி பார்ப்பார் என்று விசாரித்துவிடுங்கள். மாஸிக்கு ஊருக்கு ஊர் கை உண்டு. எல்லா வண்டிக்கும் அப்படி இல்லை.

அந்தக் கைகளுக்கும் வயதாகிறது. ஐ.டி.ஐ முடித்த பையனுக்கு ஏ.சி ஷெட், பஸ், கேன்டீன் என்று கம்பெனி கூப்பிடுகிறது. தகரக் கொட்டகையில் டீசலில் கை கழுவும் வேலைக்கு யார் வருவார்கள்? அவனைக் குறை சொல்லவும் முடியாது. அங்கே பலருக்கும் ஒப்பந்த வேலைதான் என்பதும் அவனுக்குத் தெரியும். லைனில் ஒரே போல்ட்டை நாள் முழுக்க முறுக்குகிறவனுக்கு, ஒரு வண்டியை முழுதாகப் பிரித்துச் சேர்க்கும் வித்தையைச் சொல்லித்தர அப்பாவோ சித்தப்பாவோ இன்னும் பட்டறையில் இருக்கிறார் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளிலாவது போய் நிற்கலாம்.

சேர்த்த வண்டியை உடனே சேற்றில் இறக்கக் கூடாது. டீசல் வற்றியிருந்தால் முதலில் ஃபில்டரில் காற்றெடுத்து, அப்புறம் பம்ப்பில், கடைசியாக நாசில் பைப்பில் எடுக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் சும்மா ஓடவிட்டு, கிளட்ச்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்க வேண்டும். பெடல் விளையாட்டை இன்னொரு முறை சரிபார்த்து, கொட்டகையிலிருந்து ஏரிக்கரை வரை காலி வண்டியாக ஒரு சுற்று. திரும்பி வந்ததும் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் உள்ள போல்ட்டுகளை மேஸ்திரி மறுபடி ஒரு முறுக்கு முறுக்கிப் பார்ப்பார். அடியில் குனிந்து, எண்ணெய் சொட்டுகிறதா என்று விரலால் தடவுவார். விரல் காய்ந்திருந்தால் கேஜ் வீலை ஏற்றலாம்.